அப்பா விரல்ல சேப்பு பாலிஷ்

ஞாயித்துக்கெழம சும்மா இருக்கேன்னு, என் பொண்ணு என் கையப் புடிச்சு நெயில் பாலிஷ் போடறா. அந்த வாடைக்கு எனக்கு அண்ணனோட சர்க்யூட் போர்டு ஞாபகம் வந்துடுச்சு.

சுனாமி வந்த மறுவருஷம். அண்ணன் பாலிடெக்னிக்ல மறுநாள் போர்டு காட்டணும். நான் அஞ்சாவதையே ரெண்டு தடவ படிச்ச அறிவாளி, வேடிக்க பாத்தேன். சர்க்யூட் கோடு அச்சடிச்ச ஜெராக்ஸ் பேப்பர செம்புத் தகட்டுல வச்சு, இஸ்திரிப் பெட்டியால அழுத்தி, தண்ணியில ஊறப் போட்டான். ஊறுனா பேப்பர் வந்துடும், மைக்கோடு தகட்டுலயே நிக்கும். அப்புறம் ஆசிட்ல போட்டா, கோட்டுக்கு அடியில இருக்கற செம்பு மட்டும் மிஞ்சும்.

"யாரும் தொடாதீங்க."

உப்பு வெளைய பாத்தியில நாள்கணக்கா காத்துக் கெடக்கற எங்கப்பாவால இதுக்கு பத்து நிமிஷம் தாங்கல. எழுந்தாரு, உக்காந்தாரு, உரிச்சுட்டாரு. மூணு கோடு பேப்பரோடவே வந்துடுச்சு.

"இருந்ததே ஒரு தகடுப்பா"ன்னான் அண்ணன். அழுவுற கொரலு.

"கோடுதானடா போச்சு?" அப்பா எங்க அக்காவோட நெயில் பாலிஷ எடுத்து, தொடப்பக்குச்சியால அந்தக் கோட்ட இழுத்தாரு. ஆசிட்ல போட்டப்ப பாலிஷுக்கு அடியில செம்பு கரையவே இல்ல. அண்ணன் பாஸு.

அப்பாவத்தான் உப்பளத்துல, "ஏம்பா, ஒன்ன பொண்ணு பாக்க வர்றாங்களா?"ன்னு கேட்டாங்க. விரலெல்லாம் சேப்பு.

"காயற வரைக்கும் ஆடாதப்பா"ங்கறா பொண்ணு. அதுக்குள்ள லுங்கியில இழுவிட்டேன்.