நிரம்பக் கூடாத கட்டங்கள்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் பேப்பர் ஓரம் நனைந்துதான் வரும். அதை இட்லிக் கொப்பரையின் மூடிமேல் கொஞ்ச நேரம் விரித்துப் போட்டால், சூட்டில் மை இளகி, மண்ணெண்ணெயும் அரிசி ஆவியும் கலந்ததுபோல ஒரு வாசனை அடுப்படி முழுக்கக் கிளம்பும். அந்த வாசனை வந்துவிட்டால் எனக்கும் கோமதி அக்காவுக்கும் சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ராஜபாளையத்தில் நூல் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்த அப்பா, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். உள்தாளில் வரும் குறுக்கெழுத்து எங்கள் இரண்டு பேருக்கும் பட்டா போட்ட சொத்து. எண்பதுகளின் கடைசி அது. நான் எட்டாம் வகுப்பு, அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு ‘வீட்டில் இருந்தாள்’. பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பொருள். பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியவளை ஏன் காலேஜுக்கு அனுப்பவில்லை என்று எங்கள் தெருவில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

எனக்கு விடை வராதபோது “அக்கா, ஒரு ஒத்தாசை” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஒரு ‘ஒத்தாசை’க்குக் கூலி, அவள் கழுவ வேண்டிய பாத்திரத்தை அன்று நான் கழுவுவது. வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று சொற்கள் தலைகீழாக வருகிற இடத்தில் நான் முழித்துக்கொண்டிருந்தால், அவள் வெண்டைக்காய் நறுக்கியபடியே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விடையைச் சொல்லிவிட்டு, “ஏட்டி, மூளைய எங்க கழட்டி வச்ச?” என்பாள். அவளுக்குத் தெரியாத சொல் ஒன்று இருந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரிசி மில் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாத ஊர்தான். ஆனால் கட்டிக் கொடுத்த பிள்ளையைப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் போய் அழைத்தால்தான் அவள் வரலாம் என்பது முறை. தலைதீபாவளிக்கு அழைத்தோம், மாப்பிள்ளையோடு வந்தாள், போனாள். இனி பொங்கலுக்குத்தான் என்றிருந்தோம்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா தனியாக வந்து வாசலில் நின்றாள். கையில் பை இல்லை, மடித்த பேப்பர் மட்டும் இருந்தது.

“என்னட்டி, மாப்பிள்ளை எங்க?” என்றாள் அம்மா, தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டே.

“அவிய மில்லுல இருக்காவ. குறுக்கெழுத்துல அஞ்சாறு வரலம்மா. இவகிட்ட ஒத்தாசை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கோமதி அக்கா என்னிடம் ஒத்தாசை கேட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள்! பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு பெரிய மனுஷியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அன்று வார விடுப்பில் வீட்டில் இருந்த அப்பா கட்டிலில் படுத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘சூரியன், ஐந்தெழுத்து’ என்றிருந்தது. அக்கா ‘பகலவன்’ என்று எழுதினாள். “முதல் எழுத்து ‘க’ன்னு மேல இருந்து வருதுல்லா? கதிரவன்க்கா! இதுகூடவா தெரியல?” என்று நான் எகிறினேன். “அப்படியா?” என்று ரப்பரை எடுத்து மெதுவாக, தாளே நைந்துபோகும் அளவுக்கு அழித்தாள். அழிக்க அழிக்க வளையல்கள் மேலே ஏறின. மணிக்கட்டைச் சுற்றி, ஒரு ஆள் இறுக்கிப் பிடித்து முறுக்கியதுபோல, விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அடுப்படி நிலையில் நின்ற அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் ரெண்டு தோசை ஊத்துதேன், தின்னு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நானும் தப்புத் தப்பாகவே சொன்னேன். யாரும் சொல்லித் தரவில்லை, கட்டம் நிரம்பாதவரை அக்கா இங்கே இருப்பாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. யானையின் குட்டிக்கு ‘பிள்ளை’ என்றேன். அவள் சிரிக்காமல் அப்படியே எழுதினாள், கொஞ்ச நேரம் கழித்து அழித்தாள். இப்படியே மத்தியானம் சாப்பாடு ஆனது, வெயில் முற்றம் தாண்டிப் போனது. அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டாள், நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா எழுந்து வந்தார். ஆயுளில் ஒரு நாள்கூடக் குறுக்கெழுத்தைத் தொடாதவர், “குடு இங்க” என்று என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, கன்று, உணவு, மேகம் என்று மிச்சமிருந்த எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். அவ்வளவு சுலபமான கேள்விகள் அவை. எழுதும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“முடிஞ்சிட்டுல்லா? கிளம்பு தாயி, அஞ்சு மணி பஸ்ஸுல கொண்டுவந்து விடுதேன்.”

“அப்பா, பொங்கல் வரைக்கும் இங்கனயே இருந்துக்கிடுதேன்ப்பா.”

அவர் முகவாயால் என்னைக் காட்டினார். “இவளையும் ஒரு வீட்டுக்கு அனுப்பணும்லா. நீ வந்து உக்காந்துட்டா இவள யாரு கேட்டு வருவா? பொங்கலுக்கு முறையா வந்து அழைக்கேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலை. புடவையை உதறிக்கொண்டு எழுந்து, அப்பாவுக்கு முன்னால் நடந்து போனாள்.

சொன்னபடியே பொங்கலுக்கு அப்பா பானையும் கரும்பும் மஞ்சள்கொத்துமாகப் போனார். அக்கா காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு, “இங்க வேல கெடக்குப்பா, இன்னொரு நாளைக்கு வாரேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அடுத்த பொங்கலுக்கும் அதையேதான் சொன்னாள். சில வருஷத்தில் மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். திருந்தினாரோ, அடித்து அடித்துக் கை ஓய்ந்தாரோ! எனக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. அப்பா அன்று அழுதார்தான். அதற்காக என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் முடியவில்லை.

இப்போது குறுக்கெழுத்து செல்போனில் வருகிறது, தெரியாவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தினால் விடை வந்து விழுகிறது. அந்தப் பேப்பரும் இல்லை, ஒத்தாசை என்று கேட்கிற சத்தமும் இல்லை. போகட்டும், அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. அம்மாவைப் பார்க்க எப்போதாவது அக்கா வருகிறாள், பழம் வாங்கி வருகிறாள், முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து பேரன் பேத்திகளைப் பற்றிப் பேசுகிறாள். தான் பிறந்து வளர்ந்த வீட்டில், பத்தடியில் இருக்கிற அடுப்படிக்குப் போய்த் தானே மோந்து குடிக்காமல், “கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்கிறாள்.