தொடையில் விழுந்த வட்டம்

பத்து வயதில் ஒரு நாள் காலை முழுவதும் நான் கண்ணாடி முன்னால் நின்று பல்லை இளித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் ஒன்றுமில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டதா என்று பார்க்கத்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு உண்ணி. நாவுலைக்குப் பக்கத்தில், மிளகும் கொக்கோவும் போட்டிருந்த ஒரு தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், நாங்கள் இருந்தோம். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டுக் கொட்டிலில் வைக்கோல் மேல் உருள்வது என் வேலை. அங்கேதான் அது என் மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறியதுதான் ஏறியது, கொஞ்சம் கௌரவமான இடமாகப் பார்த்துக் கடித்திருக்கலாம். பின் தொடையில், உட்காரும் இடத்துக்கு நாலு விரல் கீழே போய் ஒட்டிக்கொண்டது. குளிக்க வார்க்கும்போது அம்மா கண்டுபிடித்து, நகத்தால் கிள்ளி எடுத்து, கல்லில் வைத்து நசுக்கினாள். அதோடு விட்டது சனி என்று இருந்துவிட்டோம்.

ஒரு வாரம் பத்து நாள் போயிருக்கும். அதே இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் வந்தது. படர்தாமரை என்று அம்மா சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினாள். வட்டம் அதைச் சட்டை செய்யவில்லை. என் உள்ளங்கையைவிடப் பெரிதாகி, நடுவில் வெளுத்து, ஓரம் மட்டும் சிவந்து நின்றது. பின்னாலேயே காய்ச்சலும் வந்து சேர்ந்தது.

மாத்தளை டவுனில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்த சமயம் அது. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக் காம்பராவில் இருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, வந்து என் நெற்றியைத் தொட்டாள். சாரத்தை விலக்கிச் சிவப்பைப் பார்த்தாள். உடனே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"அம்மை போட்டிருக்குடி. கொடி ஏறுன கையோட ஆத்தா நம்ம வீட்டுக்கு வந்துட்டா."

அம்மை என்றால் எங்கள் லயத்தில் சட்டம் கடுமை. வாசலில் வேப்பிலை, உள்ளே கஞ்சி. மருந்து கொடுக்கக் கூடாது, பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது. மீறினால் ஆத்தா கோபித்துக்கொண்டு பிள்ளையையே எடுத்துக்கொள்வாள். பெரியம்மா வேப்பிலைக் கொத்தைச் செருகி முடிப்பதற்குள் நான் பாதி சாமியாகிவிட்டேன். தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் எங்கள் வாசலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு அது பிடித்துமிருந்தது.

கெடுத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தவர், திருவிழாவுக்கென்று லீவில் வந்திருந்தார். என்னைக் குப்புறப் போட்டு வட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"சொறியுதாடா?"

"இல்ல மாமா."

"செதில் செதிலா உதிருதா? அதுவுமில்ல. அப்பறம் என்னா படர்தாமரை? அம்மைன்னா ஒடம்பெல்லாம் வந்திருக்கும், ஒத்த வட்டத்தோடயா நிக்கும்? அக்கா, இவன உண்ணி கிண்ணி கடிச்சிச்சா?"

அம்மா நடந்ததைச் சொன்னாள். மாமாவின் முகம் மாறியது. அவரோடு வேலை செய்த ஒருவன் காளான் பொறுக்கக் காட்டுக்குப் போனபோது இதே மாதிரி உண்ணி கடித்ததாம், இதே மாதிரி வட்டமும் வந்ததாம். அந்த ஊரில் அதற்கு லைம் நோய் என்று பெயராம். அவன் கவனிக்காமல் விட்டுவிட, வட்டம் தன்பாட்டில் மறைந்து, நோய் மட்டும் உள்ளே தங்கிவிட்டதாம்.

"அப்பறம் முழங்கா வீங்கி நடக்க ஏலாம போச்சு. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. ஆரம்பத்துலயே மருந்து எடுத்திருந்தா லேசா போயிருக்கும்னு சொன்னாங்க."

இதைக் கேட்ட கணத்திலிருந்து என் வாய் கோணத் தொடங்கியது. இளித்துப் பார்த்தேன். கன்னத்தை ஊதிப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணை உருட்டினேன். முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து அளந்தேன். இடது கால் வலதைவிட வீங்கியிருந்தது. மறுபடி அளந்தேன், வலது கால் இடதைவிட வீங்கியிருந்தது. செத்துப்போனால் என் பம்பரத்தை யார் எடுப்பார்கள் என்று நினைத்து அழுகை வந்தது. அழுகிற முகம் கோணலாகத்தானே இருக்கும்? அதைக் கண்ணாடியில் பார்த்து இன்னும் பலமாக அழுதேன்.

பெரியம்மா உள்ளே வந்தது அந்த நேரம். கண் சிவந்து, பல் தெரிய, கன்னம் உப்ப நிற்கிறவனைப் பார்த்தவள் சந்தேகமே படவில்லை. சூடத்தைக் கொளுத்தி முன்னால் வைத்து, தரையில் விழுந்தாள்.

"தாயே மகமாயி, என்னா கொற வச்சோம் சொல்லு!"

"பெரியம்மா, என் வாயி கோணுதான்னு பாத்து சொல்லுங்களேன்."

"ஐயோ, கோவத்துலல்ல இருக்கா" என்று பெரியம்மா இன்னொரு சூடத்தை எடுத்தாள்.

அம்மா அதுவரை அடுப்படியில் நின்று அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குச் சட்டையை மாட்டினாள்.

"எங்கடி கெளம்புற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"பைத்தியமா ஒனக்கு? ஆத்தா எறங்குன புள்ளய வெளிய தூக்கிட்டுப் போனா என்னா ஆகும்னு தெரியும்ல? தம்பிகாரன் பேச்ச கேட்டு புள்ளய தொலைச்சுறாத."

"யாரு பேச்சயும் கேக்கலக்கா. வேப்பில அப்பிடியே இருக்கட்டும், எடுக்காதீங்க. நான் போயிட்டு வந்துர்றேன்."

மாமா செருப்பை மாட்டினார். "நீ இரு. அக்கா தனியா அழுவாங்க" என்று அம்மா அவரை நிறுத்திவிட்டாள்.

மாத்தளை பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. வட்டம் நசுங்கி நோய் உள்ளே போய்விடும் என்று பயம். போகிற வழியெல்லாம் என் வாயைப் பற்றி விசாரித்தேன்.

"வாயி நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "அதான் ஓயாம பேசுது."

ஆஸ்பத்திரியில் இளவயதுப் பெண் டொக்டர் ஒருவர். அம்மா சிங்களத்தில் உண்ணியிலிருந்து காய்ச்சல் வரை, மாமா சொன்ன லைம் நோயையும் சேர்த்து, வரிசையாகச் சொன்னாள். என் பின்பக்கத்தை இன்னொரு தடவை நாட்டுக்குக் காட்ட வேண்டியதாயிற்று. டொக்டர் என் கழுத்தை மடக்கிப் பார்த்தார், முழங்காலை அமுக்கிப் பார்த்தார். அப்படி ஒரு வியாதி நம் நாட்டில் இருப்பதாகத் தான் படிக்கவில்லை என்றார். இங்கே உண்ணிக் காய்ச்சல் என்று வேறொன்று உண்டாம். எனக்கு வந்திருப்பது மாமா சொன்ன நோயா, உண்ணிக் காய்ச்சலா, இரண்டும் இல்லையா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அம்மா நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

"சொல்ல முடியாட்டி பரவாயில்ல நோனா. மருந்து குடுத்தா ஆபத்தா, குடுக்காம இருந்தா ஆபத்தா? அத மட்டும் சொல்லுங்க."

டொக்டர் பேனாவை வைத்தார். எழுந்து போய்ப் பெரிய டொக்டரிடம் பேசிவிட்டு வந்தார்.

"குடுக்காம இருக்கிறதுதான். ரெண்டுக்கும் ஒரே மருந்து. இப்பவே தொடங்குவோம்."

வட்டத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, சிவப்பு அதைத் தாண்டினால் உடனே கொண்டுவரச் சொன்னார். இரத்தமும் எடுத்தார்கள். அப்போது நான் போட்ட சத்தத்தில் என் வாய் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை என்பது எல்லோருக்கும் உறுதியாயிற்று.

சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. சில நாளில் காய்ச்சல் விட்டது, பிறகு வட்டமும் மங்கிப்போனது. என்ன நோய் என்று கடைசிவரை யாரும் அறுதியாகச் சொல்லவில்லை. பெரியம்மா வேப்பிலை என்றாள், மாமா மருந்து என்றார், இருவரும் அதற்காகச் சண்டை போட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று திரும்பி வரும் பஸ்ஸில் நான் அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தேன். முதல் மாத்திரை உள்ளே போயிருந்தது. டொக்டருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், இனி நான் சாக மாட்டேன் என்று ஒரே தெம்பு. டவுன் முடிகிற இடத்தில், கொடி ஏறியிருந்த அந்த அம்மன் கோயில் வந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து கும்பிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்திருக்காத என் அம்மா, மறுபக்கத்து ஜன்னலில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கோயில்!" என்று அவளை உலுக்கினேன்.

"தெரியும்டா" என்றாள். திரும்பவில்லை.

அசதி போல என்று நினைத்து, அவளுக்கும் சேர்த்து நானே ஒரு கும்பிடு போட்டுவைத்தேன். என் மணிக்கட்டை அவள் பிடித்திருந்த பிடி வலித்தது. விடும்மா, வலிக்குது என்றேன். ஆத்தாவின் கோபுரம் மறைந்து, அடுத்த கடைத்தெருவும் கழிந்த பிறகுதான் அந்தக் கை கொஞ்சம் தளர்ந்தது.