தொடாத முனை

சுவிஸ் நாட்டின் பீல் நகரில், பட்டறையொன்றில் துப்பாக்கிக் குழல் கடைவது என் தொழில். குழலைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டியதும், டயல் அளவியின் முனையைத் துளையின் உட்சுவரில் வைத்துச் சுழற்றுவோம். ஊசி அசைந்தால் குழல் மையத்தில் இல்லை என்று பொருள்.

அன்று பக்கத்து இயந்திரத்தில் நின்ற என் ஊரவர் ஒருவர் பெருமையோடு கூப்பிட்டார்.

“இஞ்ச வந்து பாரும் தம்பி. ஊசி அசையாமச் செத்துப்போய்க் கிடக்கு. உமக்கு ஏலுமோ இப்பிடி?”

இரண்டாவது ஆளாகச் சரிபார்த்துச் சோதனைத் தாளில் கையெழுத்திட வேண்டியவன் நான். ஊர்த் தாட்சணியத்தில் குனிந்து பாராமலே இட்டேன்.

அவர் தோட்டா அறையைக் குடைந்து முடித்த பிறகு, மனம் கேளாமல் என் அளவியை வைத்தேன். ஊசி துள்ளியது. தாங்கியில் பூட்டியபடி இருந்த அவருடைய அளவியை உள்ளே செலுத்தினேன். அதன் முனை சுவரைத் தொடவே இல்லை, காற்றில் நின்றது.

“அண்ணை, இது முட்டேல்லை.”

“ஓம், தெரியும். ஆர் பாக்கப்போகினம்? உம்மட கையெழுத்தும் கிடக்குத்தானே.”

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அருவருப்பூட்டியது. அதற்குத் துணையாக என் கையெழுத்து நின்றது அதனினும் அருவருப்பு.

குழலைக் கழற்றி, தாளோடு மேலாளரிடம் கொண்டுபோனேன். முதலில் என் கையெழுத்தைக் காட்டினேன்.