தேவயானி வறுத்த நெத்திலி

தேவயானிக்குப் புத்தூர் பக்கம். கேட்டரிங் படித்து, திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மேனேஜர் மோகன்ராஜ். ஒரு வரவேற்பு விருந்தன்று ஃப்ரிட்ஜ் பழுதாகிக் கறி கெட்டுப்போனது. "மசாலா தூக்கலாப் போட்டு இறக்கு" என்றான். முடியாது என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் வேறொருவரை வைத்து அதையே சமைக்கச் செய்தான். சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். "தேவயானி சமைச்சது" என்று முதலாளியிடமும் நிருபர்களிடமும் சொன்னான். தெலுங்கு பேப்பரில் அவள் போட்டோ வந்தது. எந்த ஓட்டலும் சேர்த்துக்கொள்ளவில்லை. பேசி முடித்திருந்த கல்யாணமும் நின்றது.

பிறகுதான் எங்கள் கோபிகிருஷ்ணனின் சமையல் குழுவுக்கு வந்தாள். அவள் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிய எனக்கு ஒன்று தெரியும்: மோகன்ராஜ் பெயரை எடுத்தால் அவள் கத்தி வேகமாகும்.

போன வருஷம் சித்தூரில் ஒரு புது ஓட்டலில் எங்களுக்கு ஆர்டர் வந்தது. அர்ஜென்டினா சிவப்பு ஒயினை அறிமுகம் செய்யும் விருந்து. மால்பெக், கேபர்நே, பொனார்டா என்று மூன்று திராட்சை ஒயின்களைக் கலந்தது. பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். சுட்ட ஆட்டுக்கறி, காளான், கத்திரிக்காய், எல்லாம் காரம் கம்மியாக வேண்டுமென்று ஒரு பாட்டிலோடு சொல்லி அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவன் இப்போது அங்கே மேனேஜராகியிருந்த மோகன்ராஜ். எங்களில் தேவயானி இருப்பது அவனுக்குத் தெரியாது.

அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்தாள்.

"நல்ல துவர்ப்புக்கா. கொழுப்புக் கறியோட துன்னா அவ்ளோ நல்லா இருக்கும். மீன் துன்னுட்டு குடிச்சா இரும்பு நக்கின மாதிரி. காரத்துக்கு மேல குடிச்சா நெருப்பு."

"நீ இன்னா பண்ணப் போற?"

"நல்லா சமைக்கப் போறேன்."

ஓட்டலிலேயே மெனுவை மாற்றிவிட்டார்கள் என்று கோபிகிருஷ்ணனிடம் பொய் சொன்னாள். விருந்தன்று அவள் சமைத்ததைப் போல் நான் சாப்பிட்டதில்லை. மொறுமொறுவென்று நெத்திலி வறுவல். புளிச்சக்கீரையில் வெந்த கறி, பச்சை மிளகாய் அள்ளிப் போட்டு. புளி கரைத்த விரால் குழம்பு. மோகன்ராஜ் வாசலில் விருந்தாளிகளுக்குக் கும்பிடு போட்டுக்கினு இருந்தான். சமையல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நெத்திலியைத் தின்றுவிட்டு முதல் ஆள் ஒயினை வாயில் வைத்தார். முகம் கோணிற்று. அடுத்தவர் கைக்குட்டையில் துப்பினார். கறிக்கு மேல் குடித்தவர்களுக்குத் தொண்டை எரிந்தது. "மஜ்ஜிக உந்தா?" என்று நாலு பக்கமும் மோர் கேட்டார்கள். தட்டுகளை வழித்தார்கள். கிளாஸ்கள் அப்படியே நின்றன. கம்பெனிக்காரர்கள் ஓட்டல் முதலாளியைத் தனியே அழைத்துப் பேசினார்கள். அவர் எல்லார் முன்னாலும் மோகன்ராஜைத் திட்டினார்.

அவன் சமையலறைக்குள் பாய்ந்து வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான்.

"நீயா?"

"நான்தான். தேவயானி சமைச்சது கெட்டுப்போச்சுன்னு போய் சொல்லேன். அன்னிக்கி சொன்னியே."

வெளியே யாரோ இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்கும் குரல் வந்தது. அவள் அவனைத் தாண்டிப் போய் நிதானமாகக் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள்.

கம்பெனி வேறு ஓட்டலுக்குப் போய்விட்டது. மோகன்ராஜுக்கு வேலை போனது. எங்களுக்கும் அந்த ஓட்டல் ஆர்டர் நின்றது. பொய் சொன்னதற்காக கோபிகிருஷ்ணன் அவளை அனுப்பிவிட்டார். அதை மட்டும் நியாயம் என்று ஒப்புக்கொண்டாள். இப்போது நகரியில் தனியாகக் கல்யாணச் சமையல் எடுக்கிறாள்.

போன மாதம் பார்த்தபோது, "இப்பவாவது மனசு ஆறுச்சா?" என்று கேட்டேன்.

"பாகாலாவுல ஒரு மெஸ்ஸுல இருக்கானாம்" என்றாள். "அங்க யார் காய்கறி போடறாங்கன்னு விசாரிச்சிக்கினு இருக்கேன்."