பிரேக் அக்காவும் கிளட்சும்

எந்த வண்டியில் ஏறினாலும் அவருடைய வலது கால் தரையை ஒரு மிதி மிதித்துப் பார்த்துக்கொள்ளும். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் சரி, வாடகைக் காரின் பின் இருக்கையில் சாய்ந்திருந்தாலும் சரி, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் கால் தானாக அழுத்தும். அங்கே பிரேக் கிடையாது என்பது மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பதினேழு வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை மிதித்தே பழகிய கால் அது. அவரிடம் ஓட்டப் படித்த அத்தனை பேருக்கும் அவர் பிரேக் அக்கா. பள்ளி முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு, ஒட்ட வெட்டிய நகங்கள், வெயில் படும் பக்கத்துக் கை மட்டும் ஒரு சாயல் கூடுதல் கறுப்பு. கற்றுக்கொள்ள வருபவர்களைத் திட்டமாட்டார். ஆனால் வாய் ஓயாது. பயத்தில் அடிக்கடி அவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பவர்களிடம், “கண்ணாடியப் பாரு. என் மூஞ்சில ரோடு இல்ல” என்பார். பின்னால் யாராவது ஹாரன் அடித்துப் பதற்றப்படுத்தினால், “அடிக்கிறவன் உனக்கு மாமனா மச்சானா? அடிச்சிட்டுப் போறான், விடு” என்பார்.

வீட்டிலும் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. தொலைபேசி வந்தால் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டேதான் பேசுவார். உலை கொதிப்பதற்குள் அலமாரியில் இருக்கும் டப்பாக்களை இடம் மாற்றிவிடுவார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்யும் அவர் கணவர், நாள் முழுக்க மேலும் கீழும் போய்விட்டு வருகிறவர், ‘எனக்கே தலை சுத்துது’ என்று சொல்லிச் சிரிப்பார். அக்காவை உட்காரவைக்க உலகத்தில் ஒரே ஒரு ஜீவனால்தான் முடியும். அதன் பெயர் கிளட்ச்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், பயிற்சிக் காரை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், “அக்கா, கிளட்ச மிதிச்சா ஏதோ கத்துது” என்றாள். கியர் மாற்றத் தெரியாத எல்லோரும் சொல்வதுதானே என்று அக்கா முதலில் பொருட்படுத்தவில்லை. பிறகு அவருக்கே கேட்டது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தால், பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி, உடம்பெல்லாம் கரி எண்ணெய். துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அது அவர் தலையணையில்தான் தூங்கியது, கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு. மாலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மடியில் ஏறிச் சுருண்டுகொள்ளும். அது எழுந்துபோகும்வரை அக்கா அசையமாட்டார். கால் மரத்துப்போனாலும் அப்படியே இருப்பார். கணவரைக் கிளட்ச் கண்டுகொள்வதில்லை. அவரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற, முகமறிந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு குடித்தனக்காரர்களைப் போல இருந்தார்கள்.

போன வருடம் தும்மல் ஆரம்பித்தது. ஒன்றோடு நிற்காது, ஏழெட்டு, வரிசையாக. காரின் ஏசி மேல் பழியைப் போட்டார். வடிகட்டியை மாற்றிக் கொடுத்தார்கள். ஓட்டப் படிக்க வருகிறவர்களின் சென்ட் மேல் பழியைப் போட்டார். பூசாமல் வந்தார்கள். கடைசியில் சாலைத் தூசி மேல் போட்டார். அதை யாரும் மாற்றிக்கொடுக்க முடியாது.

அப்போது அவரிடம் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஓய்வுபெறப் போகிற ஒரு கணக்காசிரியரும் உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். முதல் நாள் அக்கா தும்மியபோது அக்காவின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. தும்மினால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று ஆசிரியர் மனதில் குறித்துக்கொண்டார். அதன் பிறகு அக்கா எப்போது தும்மினாலும் அவரே முந்திக்கொண்டு நிறுத்தினார். மேம்பாலத்தின் நடுவில் ஒரு நாள் அப்படி நிறுத்தியபோது, பின்னால் வந்த வேன் முட்டியது. யாருக்கும் அடியில்லை. விளக்கு ஒன்று உடைந்ததோடு சரி. “நீங்கதானேம்மா சைகை குடுத்தீங்க?” என்றார் ஆசிரியர், உண்மையாகவே குழம்பிப்போய்.

முதலாளி கோபிக்கவில்லை. ஆனால் தும்மித் தும்மிக் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் அந்த இருக்கையில் உட்காரக் கூடாது, மூக்கைச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள் என்று பத்து நாள் விடுப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார். தூசி படாமல் வீட்டிலேயே இருந்தால் சரியாகிவிடும் என்று அக்கா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கிளட்சுக்குக் கொண்டாட்டம். மடியை விட்டு இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் கண்கள் வீங்கின. ஐந்தாம் நாள் மூச்சு விசில் அடித்தது. ஆறாம் நாள் மருத்துவமனையில் முகத்தில் குழாய் மூடியோடு உட்கார்ந்து மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கணவர் மெல்லச் சொன்னார். “ரோட்டுத் தூசின்ன. இந்த ஆறு நாளா நீ ரோட்டுக்கே போகல.”

அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வாமைப் பரிசோதனைக்கு முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினார்கள். தூசிக்கு ஒன்றுமில்லை. மகரந்தத்துக்கு ஒன்றுமில்லை. பூனைக்கு வைத்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் எழும்பி, பிறகு சட்டைப் பொத்தான் அளவுக்குப் பருத்தது. இன்னொரு கையிலும் குத்திப் பாருங்கள் என்று அக்கா கையை நீட்டினார். வேண்டாம் என்று மருத்துவர் தலையாட்டினார். “ஒம்போது வருஷம் டாக்டர். ஒரே தலகாணி” என்றார் அக்கா. அப்படியும் நடக்கும், உடம்பு சில சமயம் தாமதமாகத்தான் முடிவெடுக்கும் என்றார் மருத்துவர். பூனையை வேறு இடத்தில் விடுங்கள். முடியாவிட்டால் அது இருக்கும் அறைக்குள் நீங்கள் போகாதீர்கள். இன்னொரு தடவை இப்படி மூச்சுத் திணறினால் நான் இவ்வளவு மென்மையாகப் பேசமாட்டேன் என்றும் சொன்னார்.

முன்னாள் மாணவி ஒருத்தி பூனையை வளர்க்க ஆசையோடு முன்வந்தாள். அக்கா முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூடையில் கிளட்சை வைத்து, பயிற்சிக் காரிலேயே கிளம்பினார். அந்தப் பெண் வாசலில் நின்று கையசைத்தாள். அக்கா நிறுத்தவில்லை. தெருவை ஒரு சுற்று சுற்றினார். மறுபடி வாசல் வந்தது, மறுபடி கையசைப்பு. மூன்றாவது சுற்றில் அந்தப் பெண் கையை இறக்கிவிட்டாள். அக்கா வீட்டுக்கு வந்து, அந்தத் தெருவில் நாய் அதிகம் என்று கணவரிடம் சொன்னார். எத்தனை நாய் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் கணவர் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின் அறைக்குப் போனார். கிளட்சும் அங்கே போனது. கதவில் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாக அறுத்து, கழித்துப்போட்ட லிஃப்ட் கதவு ஒன்றின் கண்ணாடியை எடுத்து வந்து பதித்தார். “பாத்துக்கோ. உள்ள மட்டும் வராத.”

அதற்குப் பிறகு அக்காவின் மாலைகள் அந்தக் கண்ணாடி முன்னால் கழிந்தன. நின்றார், நாலடி நடந்தார், திரும்பி வந்து நின்றார். உள்ளே கணவர் பூனையின் தலையைக் கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து பாடம் நடக்கும். “தட்டாதீங்க. தாடைக்குக் கீழ. மெதுவா. அது மூஞ்சியப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க.” கணவர் பொறுமையாகக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதுதான் வினை. இரண்டாவது மாதத்தில் ஒரு நாள், கணவர் கால் நீட்டிச் செய்தித்தாள் படிக்க, கிளட்ச் அவர் மடியில் ஏறி மூன்று முறை சுற்றிவிட்டுச் சுருண்டு படுத்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு போய், ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தார். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கணவர் சொன்னபோது, உங்களுக்குத்தான் எல்லாம் கிடைக்கிறதே என்றார். கணவர் சிரிக்காமல் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தும்மல் நின்றது. பள்ளியில் பழைய இருக்கை திரும்பக் கிடைத்தது. கணக்காசிரியர் ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டார். மடி மட்டும் காலியாக இருந்தது.

இந்த மாதம் வேறு ஊரில் ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்தக் கணவர் நான்கு நாள் போகவேண்டி வந்தது. பூனைக்குச் சோறு வைக்க அடுத்த வீட்டுத் தையற்காரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கிளட்ச் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. முதல் நாள் வைத்தது அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. தண்ணீர்கூடக் குறையவில்லை. “என்னைப் பாத்தாலே உள்ள உள்ள போகுதும்மா. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் தையற்காரம்மா.

மூன்றாம் நாள் காலை வகுப்புகளை முடித்துவிட்டு அக்கா கணவரைத் தொலைபேசியில் பிடித்தார். நாளை மாலைக்குள் வந்துவிடுவேன், உள்ளே மட்டும் போகாதே என்றார் கணவர். சரி என்று அக்கா வைத்துவிட்டார். வைத்த கையோடு மாத்திரை ஒன்றை விழுங்கினார். மழைக்கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டார். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை. ஆணியில் தொங்கிய கணவரின் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்து, கண்ணாடியை இறக்கினார். வேகவைத்த மீனைத் தட்டில் உதிர்த்து எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

கட்டிலுக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்து, “டேய் கிளட்சு” என்றார். குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றியது. இருட்டில் இரண்டு கண்கள். பின்னாலேயே சீறல். கிளட்ச் முதுகை வில்லாக வளைத்து, உடம்பு முழுக்க மயிர் சிலிர்க்க, அவரைப் பார்த்துச் சீறியது. ஒன்பது வருடங்களில் முதல் தடவை.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக் கதவுப் பக்கம் உருட்டிவிட்டார். கையுறைகளை உருவிப் போட்டார்.

“நான்தான்டா.”

மெல்ல மெல்ல முதுகு இறங்கியது. ஓரடி வந்து நின்றது. மூக்கை நீட்டி அவர் விரலை முகர்ந்தது. பிறகு நெற்றியால் அவர் தாடையை ஒரு முட்டு முட்டிவிட்டுத் தட்டுக்குத் திரும்பி, பசி தாங்காமல் தின்னத் தொடங்கியது. அதற்குள் அக்காவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. மூக்கின் அடியில் அந்தக் குறுகுறுப்பு ஏறத் தொடங்கியது. இப்போது ஒரு தும்மல் வெடித்தால் கிளட்ச் மிரண்டு மறுபடி கட்டிலுக்கடியில் போய்விடும். தட்டில் பாதிக்கு மேல் மீதியிருந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் மூக்கை இறுக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையால் தட்டை இன்னும் கொஞ்சம் அதன் பக்கம் நகர்த்தினார்.