நாளைக்கு லீவு போட்டுக்கோ

எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் முதலில் விசாரிப்பது வந்திருக்கும் பிள்ளைகளை அல்ல, வராத பிள்ளைகளை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அது வகுப்பறைக்குள் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும், படிக்கச் சிரமப்படும் குழந்தைகளோடு உட்காருவதும்தான் என் வேலை. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நான் ஏறாத டவுன் பஸ் இல்லை. "அந்த மேடம் வர்றாங்களா? அப்ப காய்ச்சல்ல கிடக்கற பிள்ளையையும் தூக்கிட்டு வந்து உக்கார வைங்க" என்று ஆசிரியர்கள் கேலி பேசுவது என் காதுக்கும் வந்திருக்கிறது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஏன் இப்படி வராத பிள்ளைகளைத் துரத்துகிறேன் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

என் முதல் பள்ளி பென்னாகரத்தைத் தாண்டி, காட்டை ஒட்டிய ஓர் ஊரில் இருந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இடக்கையால் எழுதுவேன் என்பதால் ஊருக்குள் எனக்கு நொட்டாங்கை டீச்சர் என்று பெயர். என் நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே பாடத்தைக் கணீரென்று வாசிப்பாள். ஒருநாள் அவள் விரல் ஒரு வரியிலும் குரல் வேறு வரியிலும் போவதைக் கவனித்தேன். புத்தகத்தை வாங்கி வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் பழைய பாடத்தையே மறுபடியும் சொன்னாள். மற்ற பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே முழுப் பாடத்தையும் மனதில் ஏற்றி வைத்திருக்கிறாள். இரண்டு எழுத்தைச் சேர்த்துக் கூட்டத் தெரியவில்லை.

இன்று அப்படி ஒரு குழந்தை கிடைத்தால், அந்த ஞாபகசக்தியை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று ஒரு வாரம் தூங்காமல் யோசிப்பேன். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறாளே என்ற கோபம். அவளை மக்கு என்று திட்டவில்லை, அதையே என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் உட்கார வைத்து, கரும்பலகை துடைக்கவும் சாக்பீஸ் எடுத்து வரவும் பழக்கினேன். அவளும் அதைச் சந்தோஷமாகச் செய்தாள்.

ஆண்டாய்வு வந்தது. அதிகாரி பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வார். அன்றைக்கு மட்டும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்வது அந்த நாளில் பலரும் செய்ததுதான், ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டோம். "உங்க வகுப்ப நீங்க பாத்துக்கங்க" என்று தலைமை ஆசிரியர் சொன்னதே போதுமானதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மணி அடித்ததும் அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு லீவு போட்டுக்கோ" என்றேன். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "சரிங்க டீச்சர்" என்றாள். வழக்கம்போலக் கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. அதிகாரி என் வகுப்பைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ என்று நினைத்தேன். அவள் வீடு பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் நான் பஸ் ஏறும் இடத்துக்கு எதிர்ப்பக்கம். அந்த எதிர்ப்பக்கம்தான் எனக்குத் தடை என்று இப்போது எழுதும்போது என் மேலேயே எரிச்சலாக வருகிறது. பிறகு பரீட்சை, கோடை விடுமுறை, எனக்கு வேறு ஊருக்கு மாறுதல் என்று நாள் ஓடிவிட்டது. அந்தக் குடும்பம் கட்டட வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டதாக ரொம்ப நாள் கழித்துக் கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் புதிதல்ல. கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. குடும்பம் ஊரை விட்டுப் போனதால் அவள் வரவில்லை, என்னால் இல்லை. இந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

இடையில் நான் ஆசிரியர் பயிற்றுநர் ஆனேன். கற்றல் குறைபாடு பற்றி எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில், எழுத்துகளை இடம் மாற்றிக் கலைத்துப் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, எழுந்து நின்று வேகமாக வாசிக்கச் சொன்னார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். காது சூடேறி நின்ற அந்த ஒரு நிமிடத்தில் அவள் முகம் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து இந்த வேலையை வெறியோடு செய்தேன் என்றே சொல்லலாம். மணலில் விரலால் எழுத வைப்பது, பெரிய எழுத்து அட்டைகள், எழுத வராத பிள்ளையை வாயால் பதில் சொல்ல விடுவது என்று எத்தனையோ ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆய்வு நாள் விடுப்பைப் பற்றியும் பேசுவேன். ஆனால் அதை மட்டும் "சில ஆசிரியர்கள் என்ன செய்யறாங்கன்னா" என்றுதான் ஆரம்பிப்பேன்.

போன கார்த்திகையில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை வேலைக்கு வந்து இரண்டாவது வருடம், என் வழக்கம் அவருக்குத் தெரியாது. சுவர் முழுக்க அவரே வரைந்த படங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் வரவில்லை. "காய்ச்சல் மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அப்படிப் பார்க்காமல் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியாதா? நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தக்காளிக் காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, விரலெல்லாம் செடியின் பச்சைக் கறை. பக்கத்தில் சீருடை போட்ட மகள்.

"பாப்பாவ இன்னிக்கு லீவு போடச் சொன்னீங்களாமே, ஆபீசர் வராங்கன்னு. காய்ச்சலும் இல்ல, வூட்ல வேலயும் இல்லீங்க. அதான் கூட்டியாந்தேன்" என்றாள் ஆசிரியையிடம்.

நான் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். கணீரென்று வாசித்தாள். விரல் இரண்டு வரி கீழே போய்க்கொண்டிருந்தது.

"எனக்கும் இப்புடித்தானுங்க. காதுல வாங்கிச் சொல்லிருவேன், எழுத்து நிக்காது" என்றாள் அம்மா.

நான் ஒரு சிலேட்டை எடுத்து, குழந்தைக்காகப் பெரிதாக ஓர் எழுத்தை எழுதினேன். அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நொட்டாங்கை டீச்சருங்களா?"

தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் என் வாயில் முதலில் வந்தது என்ன என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "நீங்கள்லாம் பெங்களூர் போயிட்டதாச் சொன்னாங்களே" என்றேன்.

"அது அடுத்த வருசமுங்க டீச்சர். அதுவரைக்கும் ஊர்லதான் இருந்தேன். லீவு போட்டுக்கோன்னு சொன்னீங்க, எத்தன நாளுன்னு சொல்லலீங்க. கூப்புடுவீங்கன்னு இருந்தேன்."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். ஒரு வருடம் முழுக்க, பத்து நிமிட நடையில், அவள் என் சொல்லுக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஆசிரியையைப் பார்த்து, "இவ நாலாவது படிக்கறப்ப, ஆய்வு அன்னைக்கு வீட்ல இருக்கச் சொன்னது நான்தாம்மா" என்றேன். அவளிடம், "தப்பு என்னுது. நான் வந்து கூப்பிட்டிருக்கணும்" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க" என்று அவள்தான் சங்கடப்பட்டாள். கொஞ்சம் தயங்கி, "பாப்பாவுக்கு நாளைக்கு ஸ்கூல் உண்டுங்களா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் ஆசிரியை, "உண்டுக்கா" என்றார்.

குழந்தையின் பக்கம் திரும்பினேன். "நாளைக்கு வா. நாளன்னைக்கும் வா. எந்த ஆபீசர் வந்தாலும் வா. லீவு போடுன்னு எந்த டீச்சர் சொன்னாலும், நானே சொன்னாலும், கேக்காத" என்றேன்.

குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. அவள் மகளின் காலரைச் சரிசெய்துவிட்டு, "டீச்சர் சொல்றாங்கல்ல? சரின்னு சொல்லு" என்றாள்.

"சரிங்க டீச்சர்" என்றது குழந்தை.