அப்பா வாங்கிய பூட்டு

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனத்தை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளத் தோன்றும்.

இரண்டாயிரம் பிறக்கப்போகிற சமயம். கம்ப்யூட்டர்கள் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் பார்த்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று குழம்பி, எல்லாம் நின்றுபோகும் என்று ஊரே பயந்துகிடந்தது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் அந்த இரண்டு இலக்கங்களை நான்காக மாற்றுவதுதான் என் வேலை. வாரம் முழுக்க பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை. சனிக்கிழமை மதியம் ரயிலேறி கிள்ளானுக்கு, அப்பா அம்மாவிடம் வந்துவிடுவேன்.

அப்படி வந்த ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"ஏம்மா, எல்லாம் நின்னுபோயிரும்னு சொல்றாங்களே, நெசமா?"

நாங்கள் சரிபண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலைக்கு என்ன மதிப்பு?

"காப்பார் பவர் ஸ்டேஷன்ல கரண்டு நின்னா இங்க எல்லாம் இருட்டுதான்பா. ஜெயில் கதவுகூட கம்ப்யூட்டர்தான். தானா தொறந்துக்கும்லா" என்றேன், சிரித்துக்கொண்டே. ஜெயில் கதவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அப்பா சிரிக்கவில்லை. இளவயதில் கோலாலம்பூரில் கலவரம் வந்து ஊரடங்கு போட்ட நாட்களைப் பார்த்தவர் அவர். அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது வாசல் கிரில்லில் கனத்த சங்கிலியும் கைக்கு அடங்காத ஒரு பூட்டும் தொங்கின.

அம்மாவை வைத்துக்கொண்டு பூட்டு வாங்கி என்ன பயன்? 'அக்கா' என்று யார் கூப்பிட்டாலும் கிரில்லைத் திறந்துவிடுவார். தண்ணீர் கேட்பவர், முறுக்கு விற்பவர், வழி தவறி வந்தவர், எல்லாருக்கும் எங்கள் வீட்டில் நாற்காலி உண்டு. அதனால் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியே போகும்போது அம்மாவை உள்ளே வைத்து வெளிப்பக்கம் பூட்டிவிட்டு, இருந்த ஒரே சாவியைத் தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டார்.

"சாவிய உங்கம்மாகிட்ட குடுத்தா, திருடனுக்கும் தேத்தண்ணி போட்டுக் குடுப்பா."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அம்மாவுக்கு ஆஸ்துமா என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வருடத்தின் கடைசி நாள். காலை பத்தரை இருக்கும், அலுவலகத்துக்கு அம்மாவின் போன் வந்தது.

"மூச்சு முட்டுதும்மா. பம்ப்புல மருந்து தீர்ந்துபோச்சு. கிளினிக்குக்குப் போலாம்னா அப்பா பூட்டிட்டு மண்ணெண்ணெய் வாங்கப் போயிருக்காரு."

"அப்படியே உக்காரும்மா. பக்கத்து வீட்டு அங்கிளக் கூப்பிடுறேன்" என்றேன். ஏதோ விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த போனை வைக்காமல், அடுத்த மேசை போனில் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரை அழைத்தேன்.

அவர் கிளினிக்குக்கு ஓடி மருந்து பம்ப்பை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கிரில்லுக்குள் தோள்வரை கையை விட்டு நீட்டியிருக்கிறார். அம்மா டெலிபோன் மேசையடியில் கிடந்தார். எட்டவில்லை. பிறகு சுத்தியலைக் கொண்டுவந்தார். வைக்காத போனில் அவர் பூட்டை அடிக்கிற சத்தத்தை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நல்ல பூட்டாகப் பார்த்துத்தான் அப்பா வாங்கியிருந்தார்.

தீயணைப்புக்காரர்களின் போம்பா வண்டி வந்து சங்கிலியை அறுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கிள்ளான் கடைகளில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோனதால் காப்பார்வரை போயிருந்த அப்பா, மோட்டார் சைக்கிளில் இரண்டு டின்னைக் கட்டிக்கொண்டு அதற்குப் பிறகுதான் வந்தார். நான் வீடு சேர்ந்தபோது, அறுந்த சங்கிலிக்குப் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் மறுநாளும் கரண்டு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சாவு வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது.

அடுத்த வாரம் இறப்புப் பத்திரம் வாங்கப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டியதும் தாள் வந்து விழுந்தது. அப்பா அதை என்னிடம் நீட்டினார்.

"வருஷம் சரியா வந்திருக்கா பாரும்மா."

நான்கு இலக்கமும் சரியாக இருந்தன.

"சரியாத்தான்பா இருக்கு."

வெளியே வந்து வண்டியைக் கிளப்பாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ ஜெயில் கதவும் தொறக்கலயா?"

"தொறக்கலப்பா."

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறார். எங்காவது சிஸ்டம் டவுன் என்று டிவியில் சொன்னால், தட்டுத்தடுமாறி எழுந்துபோய் வாசல் கிரில்லை அகலத் திறந்துவைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். நான் மூடச் சொல்வதில்லை. ஜெயில் கதவைப் பற்றி அன்றைக்கு நான் சும்மா அளந்தேன் என்பதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.